மூன்று மணி இருமுறை வந்த இரவு

மூன்று மணிக்கு எழுப்பப்படப் போகும்
இன்னொரு எனக்கு,

தாலினிலிருந்து ஹெல்லே.
இதே சமையலறை மேசை, இதே விரிசல் விட்ட கோப்பை.
முதலில் விளக்கைப் போடு.
இருட்டில் தட்டிய கட்டளையின் எழுத்துப்பிழை
விடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

பிழைச்செய்தியைக் கடைசி வரி வரை படி.
முதல் வரியிலேயே யாரையாவது குற்றவாளியாக்கிவிடுவாய்,
உன்னை எனக்குத் தெரியும்.
போன குளிரில் விடிய விடிய
நெட்வொர்க்கைத் திட்டினாய்.
வட்டு நிரம்பிவிட்டது என்று
பதினேழாம் வரி
அத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அழிப்பதற்கு முன்
எவையெல்லாம் போகப்போகின்றன என்று
எடுத்துப் பார், எண்ணு.
நான்கு இருக்கும் என்று நினைத்த இடத்தில்
நாற்பதாயிரம் வந்தால்
விரலை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடி.

பேக்கப் இருக்கிறது என்பான் ராய்வோ.
மீட்டுப் பார்த்தாயா என்று கேள்.
மீட்டுப் பார்க்காத பேக்கப்
மழை வரும்வரை ஒழுகாத கூரை.

பணத்தைப் பின்னத்தில் வைக்காதே.
சென்ட்டாக, முழு எண்ணாக வை.
காரணம் சொல்ல வேண்டியதில்லை,
காணாமல்போன ஒரே ஒரு சென்ட்டைத் தேடி
கணக்குப் பிரிவின் மெரிகே
எட்டு நாள் நம்மோடு பேசாமல் இருந்தாள்.

இனி அந்த அக்டோபர் ஞாயிறு.

நான்கைத் தொடப்போன கடிகாரம்
நாட்டின் சட்டப்படி மூன்றுக்குத் திரும்பியது.
கட்டணம் வசூலிக்கும் நிரல்
முதல் மூன்றேகாலுக்கு ஓடியது.
இரண்டாம் மூன்றேகாலுக்கும் ஓடியது.
அதன்மேல் தப்பில்லை,
சுவர்க்கடிகாரத்தை நம்பச் சொன்னது நான்.
ஹீயுமா தீவுக்கு வண்டியோடு படகேறவிருந்த
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
உறங்கியபடியே
இருமுறை பணம் கட்டினார்கள்.

ஆறு மணிக்கு முதல் அழைப்பு.
வைகே, தேனீ வளர்ப்பவர்.
பின்வண்டியில் பதினொரு பெட்டிகள்,
வங்கியில் மூன்று யூரோ,
டீசல் போட வழியில்லாமல் நெடுஞ்சாலை ஓரத்தில்.
கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.
"எனக்கு ஒரு படகு போதும்" என்றார்,
"தேனீக்களும் அதிலேயே அடங்கிவிடும்."

என் சொந்தக் கணக்கிலிருந்து
நாற்பது யூரோ அனுப்பினேன்.
கையேட்டில் அப்படியொரு படி இல்லை.
பிறகுதான் உட்கார்ந்து
இருநூற்றுப் பதினொரு பேருக்கு
வரிவரியாகத் திருப்பிக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து உள்ளே எல்லா நேரமும் யூடிசி,
மனிதர் பார்க்கும் திரையில் மட்டும் ஊர் மணி.
ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாளம்.
அதே அடையாளம் மறுபடி கதவைத் தட்டினால்
பழைய பதிலையே கொடுத்தனுப்பு,
பணப்பெட்டியைத் திறக்காதே.

வேறென்ன.
பதில் தராத சேவையை விடாமல் தட்டாதே,
எழுந்திருக்கப் பார்ப்பவரை
நாம்தான் மறுபடி தள்ளிவிடுகிறோம்.
நிரலின் ஓரத்தில் குறிப்பு எழுதினால்
என்ன செய்தாய் என்பதை விடு, அது தெரிகிறது.
ஏன் செய்தாய் என்று எழுது.
'தற்காலிகம்' என்று நீ பெயர் வைத்த அட்டவணைக்கு
வருகிற மார்ச்சில் ஆறு வயது.
வெள்ளிக்கிழமை மாலை எதையும் ஏற்றாதே.
ஏற்றுவாய். தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது,
உள்ளே இரண்டு தேன் குப்பிகள்.
சீட்டில் வைகேயின் சாய்ந்த கையெழுத்து:
"இரண்டாவது, தெரிந்தே அனுப்பியது."

ஒன்றை ராய்வோ ஒரே வாரத்தில் முடித்துவிட்டான்.
மற்றது உன் மேல் அலமாரியில்,
காப்பிப் பொடிக்குப் பின்னால்.
திரையில் எல்லாம் பச்சைக்கு வந்ததும்
ஒரு கரண்டி எடுத்துக்கொள்.
அதற்கு முன்
நடந்ததை எழுதிவிடு, நிமிடக் கணக்கோடு.
காலையில் எழும்போது
இதைவிட நன்றாகச் சமாளித்ததாக
நம்பத் தொடங்கியிருப்பாய்.